பறக்கும் தட்டும் நகரும் தம்ளரும்: கைச்செலவில் ஒரு குறும்படம்

பறக்கும் தட்டும், தானாக நகரும் தம்ளரும் வரும் ஒரு குறும்படத்தைக் கைச்செலவிலேயே எடுப்பது எப்படி என்று, கைப்பேசியில் படம் பிடிக்கவும், பிடித்ததைக் கணினியில் தொகுக்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். கதைக்குள் நான் போகவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் 1963இல் ‘கலை அரசி’யிலேயே தமிழ்த் திரைக்கு வந்துவிட்டார்கள் என்பதால், அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று இனி ஒவ்வொரு படத்திலும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் இடம். தேரிக்காட்டுச் செம்மணலைச் செவ்வாய்க் கிரகமாகக் காட்டலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் நாம் அங்கே போவதை விட, விண்கலம் நம் ஊருக்கு வருவதே சிக்கனம். மேற்கே பொதிகை மலை தெரிகிற, பனைகள் நிற்கிற ஒரு குளத்தங்கரை போதும். ட்ரோன் வேண்டாம், கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கிற நெல்லை மாவட்டத்தில், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் பறக்கவிடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

சூரியன் மறைந்து வானம் வெளுத்திருக்கும் சிறிது நேரத்தில், கைப்பேசியை முக்காலியில் வைத்து, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி, நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

பலரும் சிக்கிக்கொள்வது அடுத்த படியில்தான். கலம் பனைக்குப் பின்னால் போக வேண்டும். ஆடிக் காற்றிலோ ஓலை ஒரு நொடியும் சும்மா நிற்காது. வினாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்றால், பத்து வினாடிக் காட்சிக்கு 250 சட்டகங்களிலும் ஓலையைக் கையால் வரைந்து வெட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, வானம் வெளுப்பாகவும் பனை கறுப்பாகவும் இருப்பதைப் பயன்படுத்தி, டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் ஃபியூஷன் பக்கத்தில் உள்ள, வெளிச்ச அளவை வைத்துப் படத்தைப் பிரிக்கும் லூமா கீயரைக் கொண்டு, வெளுத்த பகுதியில் மட்டும் கலம் தெரியும்படி செய்துவிடலாம். ரிசால்வின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். கலத்தைச் செய்ய உதவும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும் இலவசம். கைப்பேசித் தொகுப்புச் செயலிகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கலத்தின் கறுப்பு, தூரத்து மலையின் நீலச் சாம்பலை விட அடர்ந்திருந்தால், அது மலையருகே பறக்காமல் திரையின்மேல் ஒட்டியதுபோலத் தெரியும். ஆகவே கறுப்பைச் சற்று வெளுக்க வைக்க வேண்டும்.

கலத்தை நம்ப வைப்பது அதன் வடிவத்தை விட, பார்க்கிறவர் முகத்தில் விழும் வெளிச்சம்தான். டார்ச் விளக்கில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றி, நண்பரை நடக்கச் சொல்லுங்கள். மேற்கு நோக்கி எடுத்த காட்சியில் கலம் இடமிருந்து வலமாகப் போனால், முகத்தை எடுக்கக் கேமரா கிழக்கே திரும்பியிருக்கும்போது டார்ச் வலமிருந்து இடமாகப் போக வேண்டும்.

மனத்தின் ஆற்றலால் நகரும் தம்ளருக்கு மெல்லிய தூண்டில் நரம்பு போதும். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் நரம்பு மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஜன்னல் கேமராவுக்குப் பின்னால் இருக்கட்டும். தம்ளர் நடிகரின் கைக்குத் தானாக வந்து சேர வேண்டுமானால், கையிலிருந்து இழுத்து எடுத்ததைத் தலைகீழாக ஓட்டுங்கள். ஆனால் அதில் சூடான காப்பி இருந்தால், ஆவி தம்ளருக்குள் திரும்ப நுழைவது அப்படியே தெரியும்.

பின்சேர்க்கை: வீட்டுக்குள் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்குகளும் அதற்கேற்பத் துடிக்கும். கைப்பேசி 30 சட்டகத்தில் இருந்தால் 25க்கு மாற்றி, ஷட்டரை 1/50 வினாடியில் நிறுத்துங்கள். அதன் பிறகும் பட்டை ஓடினால், மலிவான எல்இடி பல்பைக் கழற்றிவிட்டு வேறு பல்பைப் போட்டுப் பாருங்கள்.