சாவியை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் இணையதளம் திடீரென்று திறக்கவில்லை. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் போய்ப் பார்த்தால் சர்வர் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. டொமைன், அதாவது தளத்தின் பெயர்தான் காலாவதியாகிச் சில நாட்கள் ஆகியிருந்தன. சரி, பணத்தைக் கட்டிப் புதுப்பித்துவிடலாம் என்று டொமைன் வாங்கிய கணக்கைத் திறக்கப் போனேன். ஓ.டி.பி. மின்னஞ்சலில் வரும் என்றது. எந்த மின்னஞ்சலில்? கடையின் பெயரில் இருந்த முகவரியில், அதாவது அதே டொமைனில். டொமைன் நின்றதும் மெயிலும் நின்றுவிட்டது.

"என்ன தம்பி, சாவிய உள்ள வச்சுப் பூட்டின கதையா இருக்கு" என்றார் முதலாளி. ஆதார் நகல், ஜி.எஸ்.டி. சான்று எல்லாம் அனுப்பி, கணக்கு கைக்கு வர மூன்று நாள் ஆனது. அந்த முகவரியைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்பதை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, தளம் விழுந்த கதை எதைக் கேட்டாலும் சாவி எங்கே இருந்தது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்களும் இதில் விதிவிலக்கில்லை.

ஹோஸ்டிங் வாங்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி அப்டைம், அதாவது சர்வர் நிற்காமல் ஓடும் நேரம், எத்தனை சதவீதம் என்பது. 99.9 என்பார்கள். முப்பது நாள் மாதத்தில் அது 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம். வெறும் 99 என்றால் வருடத்தில் மூன்றரை நாளுக்கும் மேல். கணக்கு இருக்கட்டும், அந்த எண் எதை அளக்கிறது என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. அது ஹோஸ்டிங் நிறுவனத்தின் இயந்திரத்தையும் நெட்வொர்க்கையும் பற்றியது. முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் கணக்கில் சேராது. தவறினால் கிடைப்பதும் அடுத்த பில்லில் ஒரு கழிவுதான். மாதம் 300 ரூபாய் திட்டத்தில் அது டீச் செலவுக்குக் காணாது. ஜவுளிக்கடையின் தளம் மூடிக் கிடந்த மூன்று நாளும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் நூற்றுக்கு நூறுதான்.

பேக்கப், அதாவது பாதுகாப்பு நகல் விஷயத்துக்கு வருவோம். 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர்கள் இருந்த ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து போனது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி சேதம். நிறுவனர் ஒக்தாவ் க்ளாபா, உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு ட்விட்டரில் எழுதினார். பலரிடம் அப்படி ஒரு திட்டமே கிடையாது. ரஸ்ட் என்ற விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த தகவல்கள் மீளவே இல்லை. இதில் கொடுமை, காசு கொடுத்து பேக்கப் சேவை வாங்கியிருந்தவர்கள் நிலைமைதான். ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே இடத்தில் இருந்து அதே தீயில் போனது. வழக்குப் போட்டார், 2023இல் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரச் சொல்லி பிரெஞ்சு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, தகவல் வரவில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் ஒரேயடியாகப் போனது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

ஆகவே ஹோஸ்டிங் பேனலில் தெரிகிற 'டெய்லி பேக்கப்' பச்சை டிக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த நகல் எந்த ஊரில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு நகலாவது வேறு நிறுவனத்தில், வேறு கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். ஹேக் செய்தவன் ஒரே லாகினில் இரண்டையும் அழித்துவிட்டுப் போவதும் நடக்கிற விஷயம்தான்.

நகல் வெளியே இருந்தால் மட்டும் போதுமா? கிட்லேப் கதையைக் கேளுங்கள். 2017 ஜனவரி 31 இரவு. நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பராமரிக்கும் அந்தத் தளத்தில், தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸில் தகராறு. நீண்ட நேரம் போராடிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருந்த கோப்பகத்தை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது நாலரை ஜி.பி.

சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், அமேசானில் நகல்கள் சேர வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸின் பதிப்பு ஒன்று, நகல் எடுக்கும் கருவியின் பதிப்பு அதற்கும் பழையது. இரண்டும் ஒத்துப்போகாமல் நகலெடுப்பு சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று எச்சரிக்கை மெயில் போகத்தான் செய்தது. ஆனால் அந்த மெயிலில் அனுப்பியவரை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் முறையாக இல்லை என்று மெயில் சர்வர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது! வேறு வழிகளில் எடுத்து வைத்திருந்தவையும் கை கொடுக்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் சோதனை வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். இவ்வளவையும் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அதைப் படித்த கையோடு, நான் பார்த்துக்கொள்ளும் தளங்களின் பேக்கப்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் படங்கள் எல்லாம் பத்திரம். டேட்டாபேஸ் கோப்பின் அளவு பூஜ்ஜியம். எட்டு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மலிவான சர்வரில் நகலை ஏற்றித் தளம் திறக்கிறதா என்று பார்க்கிறேன். அரை நாள் வேலை. அலுப்பாகத்தான் இருக்கும்.

எச்சரிக்கை எங்கே வந்து சேர்கிறது என்பதையும் பாருங்கள். தளம் விழுந்தால் தகவல் சொல்லும் சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். ஆனால் தகவல் போகும் முகவரி அதே சர்வரில் இருக்கும் மெயில் என்றால் என்ன பயன்? டெலிகிராமுக்கோ கைப்பேசிக்கோ வரட்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-த்ரீ சேமிப்புச் சேவை முடங்கியபோது, 'சேவை முடங்கியிருக்கிறது' என்று காட்ட வேண்டிய பலகையையே அவர்களால் கொஞ்ச நேரம் மாற்ற முடியவில்லை. அந்தப் பலகையும் எஸ்-த்ரீயை நம்பித்தான் இருந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல் போனதும் இதே வகை. நெட்வொர்க் அறுந்தது, அதைச் சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அந்த நெட்வொர்க்கில்தான் இருந்தன. டேட்டா சென்டருக்கு ஆளை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

தட்டிப் பார்க்கும் சேவையில், பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல்லையும் தேடச் சொல்லுங்கள். ஹேக் ஆகி சூதாட்ட விளம்பரம் ஓடும் பக்கமும் சர்வர் கணக்கில் 'நல்லபடியாகத் திறக்கும்' பக்கம்தான். அப்புறம், "எனக்கு வருதே" என்று உங்கள் அலுவலக வைஃபையில் மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ்: அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு வழக்கமாகத் தருவது 90 நாளுக்கு. தானாகப் புதுப்பிக்கும், ஆனால் ஒருநாள் தோற்றால் யாரும் சொல்ல மாட்டார்கள்; காலாவதி நினைவூட்டல் மெயில்களை அவர்கள் 2025இல் நிறுத்திவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸே இப்படி ஒரு சான்றிதழ் காலாவதியாகி நின்றது. எந்தச் சான்றிதழுக்கும் உச்ச ஆயுள் 2029இல் 47 நாளாகக் குறையப் போகிறது. கையால் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தானாகப் புதுப்பிக்கும் முறைக்கு இப்போதே மாறிவிடுவது நல்லது.

'அன்லிமிடெட்' ஹோஸ்டிங்கிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கும் வரம்பு இருக்கும். தீபாவளி ஆர்டர் குவியும்போது 508 என்று ஒரு பிழை வந்தால் அந்த வரம்பைத் தொட்டுவிட்டீர்கள்.

ஆட்டோ ரெனியூவல் போட்டிருக்கிறோம் என்ற தைரியமும் நம் ஊர் கார்டுகளில் செல்லாது. தானாகப் பணம் எடுப்பதற்கு முன்கூட்டியே அனுமதி பதிந்திருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் கறாராக நடக்கிறது. அப்படிப் பதியாத வெளிநாட்டு நிறுவனம் பணம் எடுக்க முயன்றால் வங்கி மறுத்துவிடும். டாட் காம் டொமைன் என்றால் காலாவதியான பிறகும் வழக்கமாகச் சில வாரம் அவகாசம் கிடைக்கும். அதையும் விட்டால் முப்பது நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு.

ஜவுளிக்கடை டொமைனுக்கு இப்போது ஐந்து வருடப் பணம் மொத்தமாகக் கட்டியாகிவிட்டது. ஓ.டி.பி. போவது முதலாளி மகளின் ஜிமெயிலுக்கு. ஓ.டி.பி. கிடைக்காதபோது கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை முதலாளியிடம் அச்சடித்துக் கொடுத்தேன். கல்லாப்பெட்டியில் லட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கல்லாவுக்குச் சாவி இரண்டு, ஒன்று அவருடைய வீட்டில்.