“கிருமிதான் இல்லையே, மாத்திரை எதுக்கு?” என்று கேட்பவருக்கு விளக்குவது எப்படி

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவரின் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வந்ததும் வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் அம்மாதான் கேட்பார். “டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்கார்” என்பது அதற்குப் பதில் ஆகாது. கிருமி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனசு ஒப்பும். சிங்கப்பூரில் தாதியாக இருக்கும் நான் பல குடும்பங்களுக்குத் தமிழில் இதைச் சொல்லி வருகிறேன். ஒரு தாளும் பேனாவும் போதும்.

யாரிடம் சொல்வது என்பது நோய் உள்ளவரின் முடிவு. அவர் சம்மதித்த பிறகே பேசுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் நடைபாதைப் பக்கக் கதவு திறந்தே கிடக்கும். அதைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். அது சிடி4 அணு, நோய் எதிர்ப்பு வேலையை ஏவி நடத்தும் வெள்ளை அணு. விளிம்பில் இரண்டு கோடுகள்: ஒன்று சிடி4 புரதம், பக்கத்தில் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதம். வெளியே சின்னதாகக் கிருமி. அதன் மேலிருக்கும் ஜிபி120 என்ற புரதம் முதலில் சிடி4-ஐப் பிடிக்கும். பிடித்ததும் அதன் வடிவம் மாறும். அப்போதுதான் சிசிஆர்5-ஐயும் பிடிக்க முடியும். சில கிருமிகள் அதற்குப் பதிலாக சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பிடிக்கும். அப்புறம் கிருமியின் இன்னொரு புரதமான ஜிபி41 நீண்டு, அணுவின் சவ்வில் பதிந்து மடங்கி, இரண்டு சவ்வையும் ஒன்றாக்கிவிடும். கிருமியின் சரக்கு உள்ளே இறங்கும்.

இரண்டாவது கோடு எவ்வளவு முக்கியம் என்று கேட்டால் எச்.ஐ.வி. இருந்த டிமோத்தி ரே பிரவுனைச் சொல்லுங்கள். ரத்தப் புற்றுநோய்க்காக 2007-ல் பெர்லினில் அவருக்கு, வேலை செய்யும் சிசிஆர்5 இல்லாத ஒருவரின் ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை) செலுத்தினார்கள். மாத்திரையை விட்ட பிறகும் எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோயால். அது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை, எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். உள்ளே போன கிருமி தன் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக மாற்றி, நம் அணுவின் டி.என்.ஏ.-வோடு சேர்த்துவிடுகிறது. சேர்த்துவைக்கும் புரதத்தின் பெயர் இன்டெக்ரேஸ். நான் இப்படிச் சொல்வேன்: “உங்க சமையல் குறிப்பு நோட்டுல யாரோ ஒரு பக்கம் எழுதி ஒட்டிட்டாங்கம்மா. நோட்டை மூடி வைத்தால் அந்தச் சமையல் நடக்காது. ஆனா பக்கம் அங்கேயேதான் இருக்கு. நோட்டை நகல் எடுத்தா அதுவும் சேர்ந்து வரும்.” மாத்திரை புது நோட்டுகளில் ஒட்டவிடாமல் தடுக்கும். ஒட்டியதைக் கிழிக்க அதால் முடியாது.

அப்படி மூடிக் கிடப்பவை நினைவு அணுக்கள், அதாவது முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் சிடி4 அணுக்கள். நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் நிறைய உண்டு. பல வருடம் சும்மாவே இருக்கும் என்பதால் எதிர்ப்பு சக்தியின் கண்ணிலும் படாது. இந்தச் சேமிப்பு மருந்தாலும் அழியாமல் இருப்பதை 1997-ல் கண்டுபிடித்தார்கள். அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 44 மாதம் ஆகிறது. மருந்தை மட்டும் வைத்து முழுதும் தீர்க்க 60 வருடத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. “அப்போ ஆயுசுக்குமா?” என்பார் அம்மா. ஆமாம் என்று சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம்.

நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரத்திலேயே கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நோயும் இறப்பும் கூடியதை 2006-ல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டியது. அதே மூச்சில் நல்ல செய்தியையும் சொல்லுங்கள்: அளவு கண்டறிய முடியாதபடி இருக்கும்வரை உடலுறவு மூலம் அவரிடமிருந்து தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் என்றைக்குமே தொற்றாது.

மூளையைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே, பாதிக்கப்பட்ட வெள்ளை அணுக்களோடு கிருமி அங்கே போய்விடும். அங்கே அது பற்றுவது நரம்பணுவை அல்ல, நீண்ட காலம் வாழும் மைக்ரோகிளியா போன்ற காவல் அணுக்களை. அவை கிளப்பும் அழற்சிதான் நரம்புகளைக் கெடுக்கிறது. மருந்து எல்லாம் ஒரே அளவில் மூளைக்குள் போவதும் இல்லை. மறதி, கவனக் குறைவு, பேச்சிலும் நடையிலும் மந்தம் என்று கண்டால் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு என்று வேறு காரணமும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும்.

செலவுக் கவலை என்றால் மருத்துவமனைச் சமூக ஊழியரைக் கேளுங்கள். 2020 செப்டம்பரிலிருந்து தகுதி உள்ளவர்களுக்கு மானியம் உண்டு.

கடைசியாக மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டொலுடெக்ரவிர் இருந்தால் அது இன்டெக்ரேஸைத் தடுக்கும் மருந்து. அம்மா அன்போடு தரும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் வயிற்றில் அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. ஆனால் டொலுடெக்ரவிரையும் இந்தச் சத்து மாத்திரையையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். வெறும் வயிறு என்றால் டொலுடெக்ரவிரைச் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். மக்னீசியம், அலுமினியம் உள்ள நெஞ்செரிச்சல் மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, எப்போதுமே அந்த இடைவெளி வேண்டும்.