செடானுக்குப் பெரிய பிரேக் போடுமுன்

கோவையில் எங்கள் பட்டறையில் பிரேக் வேலைதான் அதிகம் வரும். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள், "அண்ணா, பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டுடலாமுங்களா?" என்று கேட்காத மாதமே இல்லை. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு; காலிப்பர், பிஸ்டனால் பேட்டைத் தள்ளி அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கிற கவ்வி. சிலர் கேட்காமலேயே போட்டுக்கொண்டு, கோளாறோடு வருகிறார்கள். இருபது வருடத்துக்கு முன் எங்கள் செட்டு எந்தெந்த இடத்தில் தடுமாறியதோ, அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள்.

பேட் தேய்ந்தால் மாற்றுங்கள், கீச்சென்று சத்தம் வந்தால் காட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் பணத்தைத் தொலைக்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

டயரைப் பார்க்காமல் பிரேக்கைக் குறை சொல்வது

பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியை நிறுத்துவது டயர். உங்கள் வண்டிக்குப் பெரிய பிரேக் தேவையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வராதபோது, 60 கிலோமீட்டர் வேகத்தில் முழு பலத்தோடு பெடலை மிதியுங்கள். காலுக்கடியில் தடதடவென்று துடித்தால், சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் வேலை செய்கிறது. டயரின் பிடிப்பை மீறுகிற பலம் உங்கள் பழைய பிரேக்கிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையாது.

அப்புறம் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் பதிகிற ரப்பர் மேடு) நிறைய இருக்கிறது என்று அந்த டயரோடு ஓடிக்கொண்டே பிரேக் பிடிக்கவில்லை என்று வருபவர்கள் பலர். ரப்பர் இறுகிப்போயிருக்கும். நல்ல டயர் நான்கு போட்டுவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள், பிரேக் கிட் பற்றிய பேச்சே பாதிப் பேருக்கு நின்றுவிடும்.

முன்சக்கரத்துக்கு மட்டும் பெரிதாகப் போடுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, வாங்குபவர் மேலல்ல, விற்பவர் மேல்.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி செடான் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்னால் சிவப்பு நிறத்தில் நாலு பிஸ்டன் காலிப்பர், 300 மில்லிமீட்டர் டிஸ்க், அதற்கு இடம் வேண்டும் என்று 16 அங்குல அலாய். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகியிருந்தது. "பெடல் ரொம்பக் கீழ போகுதுங்ண்ணா. மழையில மிதிச்சா முன்னாடி இழுக்குது, முன்ன இருந்த தைரியமே இல்லீங்க" என்றார். மாட்டிக் கொடுத்த கடைக்காரர், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதலில் பிரேக் லைனில் காற்று இருக்கிறதா என்று ஏர் எடுத்துப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் கிண்ணம் போன்ற டிரம்மைக் கழற்றினால் லைனிங்கில் புதுக்கருக்கு அப்படியே இருந்தது, டிரம்முக்குள் மெல்லிய துரு. பின்பிரேக்குக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

வெர்னியரை எடுத்து அளந்தேன். கம்பெனி காலிப்பரில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று. புதியதில் ஒரு பக்கத்துக்கு 40-உம் 44-உம் ஆக இரண்டு. பரப்பளவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். டிஸ்க்கும் 256-லிருந்து 300-க்குப் போனதால் பேட் அழுத்துகிற இடம் நடுவிலிருந்து விலகி, அங்கே இன்னொரு 20 சதவீதம் கிட்டக் கூடியது. இரண்டையும் பெருக்கினால் முன்பிரேக்கின் பலம் 40 சதவீதத்துக்கும் மேல் ஏறிவிட்டது. பின்னால் அதே டிரம்.

மிதிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்று பார்த்துத்தான் வண்டி செய்தவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்கிடுகிறார்கள். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் (உருளாமல் வழுக்கினால்) வண்டி சுழன்றுவிடும் என்பதால், முன்சக்கரம் கொஞ்சம் முந்திப் பூட்டும்படி வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி மிகச் சிறியது. முன்னால் மட்டும் பலத்தைக் கூட்டினால், பின்டயரின் பிடிப்பு முழுதாகச் செலவாவதற்கு வெகு முன்பே முன்டயர் தன் எல்லையைத் தொட்டுவிடும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியாக இருந்தால் முன்சக்கரம் பூட்டி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகும். ஏபிஎஸ் இருந்தால் சீக்கிரமே துடிக்க ஆரம்பிக்கும். அப்போதும் காலை எடுக்காமல் இன்னும் ஓங்கி மிதித்தால் பின்பிரேக் மெல்லத் தன் பங்குக்கு வரும். ஆனால் துடிப்பு வந்ததும் பயந்து காலைத் தளர்த்துபவர்கள்தான் அதிகம். அந்தத் தம்பிக்கு மழையில் நடந்தது அதுதான்.

பெடல் கீழே போனதற்கும் இதே கணக்குதான் பதில். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மாறவில்லை, காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடிவிட்டது. கூடுதலான ஆயிலை அங்கே தள்ள வேண்டுமென்றால் பெடல் கூடுதல் தூரம் போய்த்தானே ஆக வேண்டும்? எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் இது சரியாகாது. காலிப்பரை விற்கும்போது பிஸ்டன் அளவைக் கேட்டுக் கணக்குப் போட அரை மணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் "போல்ட் பொருந்துது, போட்டுக்கலாம்" என்று மாட்டி அனுப்பியவர், அந்த வண்டியில் பின்சீட்டில் குழந்தைகள் உட்காருவார்கள் என்று யோசித்திருக்க வேண்டும்.

கம்பெனி காலிப்பரையும் டிஸ்க்கையும் திரும்ப மாட்டி, நல்ல பேட் போட்டு, ஆயில் மாற்றிக் கொடுத்தோம். முதல் மிதியிலேயே பெடல் மேலே நின்றது.

பிரேக் ஆயிலை மறப்பது

பெரிய பிரேக்கினால் உண்மையான பயன் ஒன்று உண்டு: சூட்டைத் தாங்குவது. ஆனால் அதற்கு முன்னால் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இறங்குகிற 1,900 மீட்டரில் வெளிவரும் ஆற்றலைக் கணக்கிட்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியை ஏறக்குறைய 50 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வண்டி எடை என்னவானாலும் இந்த எண்ணிக்கை மாறாது. நியூட்ரலில் போட்டு இறங்கினால் இந்தச் சூட்டில் பெரும்பங்கு டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான் போகிறது. இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும்.

பிரேக் ஆயிலுக்கு டாட் 3, டாட் 4 என்று தரவகைகள் உண்டு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்த நிலையில் தரநிர்ணயம் கேட்பது 155 டிகிரிதான். டாட் 3-க்கு அதுவே 140. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேட் சூடேறிய கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் டிஸ்க் வாங்கப் போகாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினாலே மலைப்பாதைக்காரர்களின் புகார் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. டாட் 5 சிலிக்கான் ஆயில், மற்றதோடு கலக்கவே கூடாது.

துளை போட்ட டிஸ்க்

துளையைச் சுற்றி விரிசல் விடலாம். தெரு வண்டிக்கு வேண்டாம்.

ரேஸ் பேட்டைத் தினசரி ஓட்டுவது

டிராக் பேட் சூடேறிய பிறகுதான் கடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது குளிர்ந்து கிடக்கும். டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும்.

புது பேட்டைப் பழக்காமல் விடுவது

60-லிருந்து 10 வரை, வண்டியை முழுதாக நிறுத்தாமல், மிதமாகப் பத்து முறை மிதித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கோடு சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்து நின்றால் பேட்டின் படிவு அந்த ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங் ஆடும், "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று மாற்றச் சொல்வார்கள். நாங்கள் கழற்றிப் பார்த்தவற்றில் உண்மையாக வளைந்தது அரிது.

பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க்

டிரம்மில் இருந்த ஹேண்ட்பிரேக் இனி எப்படி வேலை செய்யும் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

சட்டத்தையும் இன்சூரன்ஸையும் மறப்பது

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எதையும் மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை?

கரியிலோ, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ சுற்று மேல் சுற்றாக ஓட்டுபவருக்குத் தேவைப்படலாம். இன்ஜினை ரீமேப் செய்து (அதன் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றிப் பலத்தைக் கூட்டி), அந்த வேகத்தை நிஜமாகவே பயன்படுத்துபவருக்கும்தான். அவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அதே மாடலின் வேகமான வேரியன்ட்டை. ஸ்கோடா ஆக்டேவியாவின் ஆர்எஸ்-இல் சாதாரண மாடலைவிடப் பெரிய முன் டிஸ்க் உண்டு, முன்னும் பின்னும் சேர்த்துக் கணக்குப் பார்த்து வடிவமைத்தது. அப்படிப்பட்ட பாகம் கிடைத்தால், மாஸ்டர் சிலிண்டர் அளவையும் ஒப்பிட்டுவிட்டுப் போடலாம்.

அதையும் ஆர்டர் செய்யுமுன் டிஸ்க்கின் விளிம்பில் பூசுகிற வெப்பப் பெயின்ட் வாங்குங்கள். மூன்று நிறத்தில் வரும், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் வெளுக்கும். நல்ல டயர், புது ஆயில், சரியான பேட் போட்டு டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். மூன்றும் வெளுத்திருந்தால் வண்டியைக் கொண்டுவாருங்கள், எவ்வளவு பெரிய டிஸ்க் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம். ஒன்றுகூட மாறவில்லை என்றால் இருக்கிற டிஸ்க்கே போதும்.