லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஆறு இரவுகள்: குடும்பமும் நண்பர்களுமாகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

குடும்பமும் நண்பர்களுமாகப் பத்துப் பேர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினால், பத்து நாளில் ஆறு நாடு என்று திட்டம் போடுவதே வழக்கமாக இருக்கிறது. முழங்கால் வலியுள்ள பாட்டியும் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கும் குழுவில், அத்தகைய பயணத்தின் பாதி நேரம் பெட்டி கட்டுவதிலும் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதிலும் போய்விடும். ஆகவே, சுவிட்சர்லாந்தின் பெர்னர் ஓபர்லாந்துப் பகுதியில், லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஒரே வீட்டில் ஆறு இரவுகள் தங்குங்கள் என்றே கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவுப்பாக் அருவியை ஊரின் தெருவில் நின்றே பார்க்கலாம். மலை உச்சிகளுக்கு ரயிலும் கேபிள் காரும் செல்வதால், நடக்க முடியாதவர்களும் நடப்பவர்கள் காணும் காட்சியையே காண்பார்கள்.

முதல் வேலை விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் உண்டு. பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். கோடைக்கால நேர்காணல் நாட்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், குழுவில் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, எல்லோருடைய விமானச் சீட்டு, தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றில் தேதிகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெங்கன், மூரன் ஆகிய இரண்டும் பொதுக் கார் போக்குவரத்து இல்லாத அழகிய மலையூர்கள். ஆனாலும் பெரிய குழுவுக்குப் பள்ளத்தாக்கின் அடியில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாட்டர்புருன்னனே வசதி. பெட்டிகளோடு இன்னொரு முறை வண்டி மாற வேண்டியதில்லை. சமையலறையுள்ள விடுமுறை வீடு எடுத்தால் உணவுச் செலவு பெருமளவு குறையும். வாடகையோடு துப்புரவுக் கட்டணமும் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் சேரும் என்பதால், மொத்தத் தொகையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுப்பு எந்த வகை என்றும் கேளுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடேறாது. அரிசி, பருப்பு, பொடி வகைகளை எடுத்துச் செல்லலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகச் சுங்க விதி அனுமதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே காய்கறியும் பாலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். இரவு பத்து மணிக்குமேல் அக்கம்பக்கத்தார் அமைதியை எதிர்பார்ப்பார்கள். உறவினர் கூடிய வீட்டில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பயணச் சீட்டில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது. நாடு முழுவதும் சுற்றுவோருக்கு அது பொருத்தம். வெங்கன், மூரன் வரை அதிலேயே செல்லலாம். அதற்கு மேலே, யுங்ஃப்ராவ்யோக் என்னும் உயரமான மலை ரயில் நிலையத்துக்குச் செல்ல 25 விழுக்காடு தள்ளுபடி மட்டுமே உண்டு. ஒரே இடத்தில் தங்கும் குழுவுக்கு, அந்த மலைப் பயணத்துக்கும் பாதிக் கட்டணம் வாங்கித் தரும் அரைக்கட்டண அட்டை பெரும்பாலும் சிக்கனமாக அமையும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவெடுங்கள். ஆறு முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் இலவசக் குடும்ப அட்டையில் கட்டணமின்றிப் போகலாம். ஆனால் தாயோ தந்தையோ உடன் வரவேண்டும். பெற்றோர் கீழே தங்கிவிட, பிள்ளையைச் சித்தப்பா மேலே அழைத்துச் சென்றால் இந்த அட்டை செல்லாது. செலவெல்லாம் சுவிஸ் பிராங்கில்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் அட்டைகள் சில இங்கே வேலை செய்யாது என்பதையும் வாங்கும்போதே கவனியுங்கள்.

அருகிலுள்ள இன்டர்லாக்கன் நகரின் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லாட்டர்புருன்னனுக்குச் சுமார் 20 நிமிடப் பயணம். அந்த ரயில் வழியில் ட்ஸ்வைலூட்சினன் என்னும் சிறு நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரின்டல்வால்டுக்கும் போகும். முதல் பயணத்தில் எங்கள் சித்தியும் இரண்டு பிள்ளைகளும் ஜன்னலோர இடம் தேடி அடுத்த பெட்டிக்குப் போனார்கள். வண்டி நின்று, இணைப்பு விடுபடும் சத்தம் கேட்டு, அவர்கள் இருந்த பெட்டி இடப்பக்கப் பள்ளத்தாக்கில் நகர்ந்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்றாலும், சித்தியிடம் கைப்பேசியும் சீட்டும் இல்லாத அந்த ஒரு மணி நேரம் நீண்டதாகவே இருந்தது. ஏறுமுன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள ஊர்ப்பெயரைப் படியுங்கள். பெரியவர் ஒவ்வொருவரிடமும் சீட்டும் தங்கும் வீட்டின் முகவரி எழுதிய தாளும் இருக்கட்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது மலை ஏறும் நாளைப் பற்றி. 1912-இல் திறக்கப்பட்ட ரயில்பாதை, ஐகர் சிகரத்தின் உட்புறமாகக் குடைந்த சுரங்கத்தின் வழியே 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக்குக்குச் செல்கிறது. அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையிலேயே மிகப் பெரிய பனியாறான அலெட்சைப் பார்க்கலாம். தள்ளுபடி இல்லாவிட்டால் கோடையில் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத் தவிர எதுவும் தெரியாது. ஆகவே ஆறு நாட்களில் எந்த நாள் மேலே போவது என்று ஊரிலிருந்தே முடிவு செய்யாதீர்கள். உச்சியில் உள்ள நேரலைக் கேமராவைக் காலை ஆறரை மணிக்குக் கைப்பேசியில் பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் அன்றே சீட்டு வாங்கிக் கிளம்புங்கள். இதற்காகவே முந்தைய இரவு புளிசாதமும் சப்பாத்தியும் செய்து வைத்துவிடுவோம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மெதுவாக நடக்க வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தையோடு வருபவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே போகவேண்டும். கோடையிலும் கம்பளிச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் தேவை.

மழை நாளுக்கு ட்ரூமல்பாக் அருவிகள் உண்டு. பனியாற்று நீர் மலையின் உள்ளே பாறையைக் குடைந்து பத்து அருவிகளாக இறங்குகிறது. வினாடிக்கு 20,000 லிட்டர் வரை பாயும் அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஈரப் படிகள் என்பதால் நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க நேரும். மழை விட்ட பிற்பகலில் பிரியன்ஸ் ஏரியின் படகில் போகலாம்.

எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு நாளில், நடப்பவர்கள் வெங்கனிலிருந்து கேபிள் காரில் மான்லிஷன் மலைக்கு ஏறி, அங்கிருந்து கிளைன ஷைடெக் ரயில் நிலையம் வரை ஒன்றரை மணி நேரம் நடக்கட்டும். சுமார் நான்கரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை பெரும்பாலும் மெல்லிய இறக்கம். ஜூன் தொடக்கத்தில் பாதையில் பனி இருக்கக்கூடும் என்பதால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பாட்டி, தாத்தா, குழந்தைகள் எல்லாரும் லாட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வழியாக ரயிலிலேயே கிளைன ஷைடெக் வந்து, ஐகரின் வடமுகம் எதிரே தெரியும் நிலையத்துக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருக்கலாம். நடந்து வருபவர்கள் தூரத்துத் திருப்பத்தில் சிறு புள்ளிகளாகத் தெரிந்ததும் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சேர்ந்து இறங்கலாம்; கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.