வெளிநாட்டு ஓப்பன் மைக்கில் தமிழ்ப் பாட்டு: கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

போன வருஷம் லண்டனில் அக்கா வீட்டில் ஆறு வாரம் தங்கி, ஒன்பது ஓப்பன் மைக்கில், அதாவது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடும் மேடையில், என் பாட்டுகளைப் பாடினேன். அக்கா இருப்பது ஈஸ்ட் ஹாமில். முருகன் கோயில், இட்லி மாவு, தமிழில் பேசும் கடைக்காரர் என்று நம்மூர் மாதிரியே இருக்கும். அங்கே தமிழர் கூடும் மேடை கிடைப்பது கஷ்டமில்லை. நான் தேடிப் போனது தமிழே தெரியாத காதுகளை. கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். புரியாத மொழிப் பாட்டுக்கும் தாளம் போட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே மாதிரி அவர்களும் நம் பாட்டுக்குத் தாளம் போடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கிளம்பினேன்.

உங்களுக்கு கிட்டார் வாசிக்க வரும், சொந்தமாக நாலு பாட்டாவது கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முதலில் பெங்களூர்

கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். சில்க் போர்டில் இறங்கினால் கோரமங்களா, இந்திராநகர் பக்கம் போய்விடலாம். பாடி முடித்து நடுராத்திரி ஆனாலும் சேலம் பக்கம் போகும் பஸ் ஏதாவது வரும். வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும் முன் இங்கே ஐந்து தடவையாவது பாடிவிடுங்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. எந்தப் பாட்டுக்கு அவர்கள் போனைக் கீழே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பாட்டுதான் உங்களோடு விமானம் ஏற வேண்டியது.

படி 2: விசா

பிரிட்டனுக்கு சாதாரண விசிட்டர் விசாவே போதும். கலைஞர்கள் அந்த விசாவில் மேடையில் பாட அனுமதி உண்டு. ஆனால் காசு வாங்கக்கூடாது. ஓப்பன் மைக்கில் எப்படியும் காசு கிடையாது, அதனால் பிரச்சினை இல்லை. விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்: அக்காவைப் பார்க்கப் போகிறேன், சம்பளம் இல்லாத ஓப்பன் மைக்குகளில் பாடுவேன் என்று. கூட்டத்தில் உண்டியல் மாதிரி தொப்பி சுற்றி வந்தால் உங்கள் பங்கை வாங்காதீர்கள். சிடி, டீஷர்ட் விற்பதும் இந்த விசாவில் கூடாது. நான் செய்தது இதுதான்: விசிட்டிங் கார்டு அளவில் 200 அட்டை அச்சடித்தேன். ஒரு பக்கம் க்யூஆர் கோடு, மறுபக்கம் ஆங்கில எழுத்தில் என் பெயர். யூடியூப், ஸ்பாட்டிஃபை, இன்ஸ்டாகிராம் மூன்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்கட்டும். தமிழ் எழுத்தில் மட்டும் பெயர் வைத்தால் அவர்களால் தட்டித் தேட முடியாது.

படி 3: பாட்டை அவர்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி

இந்தப் படியில்தான் நான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான இடங்களில் பத்து நிமிஷம், அல்லது இரண்டு மூன்று பாட்டு. முதல் இடத்தில் நான் என் மாந்தோப்புப் பாட்டை எடுத்தேன். எங்கள் தாத்தா பெங்களூரா மாங்காய்த் தோப்புக்கு ராக்காவல் இருந்தவர். அந்தப் பாட்டைப் பாடுவதற்கு முன் குத்தகை என்றால் என்ன, மாங்கூழ் ஃபேக்டரி எப்படி விலை வைக்கிறது, பல்லவியில் வரும் சிலேடை என்ன என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். மூன்று நிமிஷம் போய்விட்டது. நடத்துபவர் கையைச் சுழற்றி ‘பாடுங்கள்’ என்று சைகை காட்டினார். பாடினேன். மரியாதையாகக் கைதட்டினார்கள், அவ்வளவுதான். பரீட்சைக்குப் பாடம் நடத்தின மாதிரி ஆகிவிட்டது.

அன்று இரவு மாடி பஸ்ஸில் திரும்பும்போது நம்மூர்க் கூத்து நினைவுக்கு வந்தது. திரௌபதியம்மன் கோயிலில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? கதை முழுவதையும் சொல்வதில்லை. யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று இரண்டு வரி சொல்லி ஒதுங்குகிறான். பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அர்த்தம் பிடிபடாத சின்னப் பிள்ளைகூட அந்தப் பின்பாட்டோடு சேர்ந்துகொள்கிறது.

அடுத்த இடத்தில் இதை மட்டும் சொன்னேன்: “என் தாத்தா ராத்திரி முழுக்க மாந்தோப்புக்குக் காவல் இருப்பார். தூங்காமல் இருக்க, தோப்புக்குத் தோப்பு காவல்காரர்கள் ‘ஓ...ய்’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் கூப்பிடுகிறேன், நீங்கள்தான் அடுத்த தோப்பு.” இருபது வினாடிகூட ஆகாது. முதல் ‘ஓ...ய்’க்கு இரண்டு பேர் பதில் கொடுத்தார்கள். மூன்றாவதற்குள் மதுக்கவுன்டருக்குப் பின்னால் கண்ணாடிக் குவளை துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூப்பிட்டார். கடைசிச் சரணத்தில் நான் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி, தாத்தா தூங்கிவிட்ட மாதிரி நிறுத்தினேன். இடது மூலையில் இருந்து ஒரு பாட்டி தனியாக ‘ஓ...ய்’ என்றார். என் தாத்தாவை யாரோ எழுப்பின மாதிரி இருந்தது. அடுத்த வரியை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகவே அர்த்தத்தை மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் வாய்க்கு ஒரு வேலை கொடுங்கள். தன்னானே போதும், ஏலேலோ போதும். பாட்டு தொடங்கும் முன் அதை மூன்று தடவை சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, தாளம். நம் நாட்டுப்புறப் பாட்டில் நிறைய திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது. ஐரிஷ் ஜிக் ஆட்டத்தின் 6/8 தாளமும் மூன்று மூன்றாகத்தான் நடக்கும். அதனால் அந்தப் பாட்டுக்கு அவர்கள் கால் தானாகத் தட்டும். முதல் பாட்டாகத் திஸ்ரத்தில் இருப்பதையே எடுங்கள், மெதுவான சோகப் பாட்டை இரண்டாவதாக வையுங்கள்.

படி 4: எங்கே பாடுவது

பப், கஃபே இரண்டிலும் நடக்கும். என் ஓட்டு ஃபோக் கிளப்புக்குத்தான், நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் கூடும் இடம் அது. அங்கே ‘ஃப்ளோர் ஸ்பாட்’ என்று வெளியாளுக்கு ஒன்றிரண்டு பாட்டு கொடுப்பார்கள். பல இடங்களில் மைக்கே இருக்காது, பல்லவியைச் சேர்ந்து பாடுவது அவர்கள் பழக்கம். கேம்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் என்று 1930இல் திறந்த கட்டடம் இருக்கிறது, ஆங்கில நாட்டுப்புற ஆட்டம் பாட்டுச் சங்கத்தின் வீடு. இந்த வட்டத்து ஆட்களைப் பிடிக்க அங்கிருந்து தொடங்கலாம். எங்கே போனாலும் அந்த வாரம் உண்மையிலேயே நடக்கிறதா, பெயரை முன்பே கொடுக்க வேண்டுமா என்று மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 5: சாமான்

கிளிப் ட்யூனர் வாங்குங்கள். போன் ஆப் பப் சத்தத்தில் உங்கள் கிட்டாரையும் பக்கத்து மேஜைச் சிரிப்பையும் சேர்த்துக் கேட்கும். கிட்டாருக்கு புதிய 9 வோல்ட் பேட்டரி, மூன்று மீட்டர் கேபிள், கேப்போ. லூப் பெடல் வேண்டாம், பத்து நிமிஷத்தில் அதை மாட்டிக் கழற்றவே நேரம் போய்விடும். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு, அடாப்டர் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி, கெட்டியான கேஸில் வையுங்கள்.

மைக் பெரும்பாலும் ஷ்யூர் எஸ்எம்58 ஆகத்தான் இருக்கும். உதட்டருகே பாடினால் குரலின் அடித்தொனி கூடும். உச்சத்தில் ஒரு சாண் பின்வாங்குங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் கூவ ஆரம்பித்துவிடும்.

படி 6: கூட்டத்தில் இருக்கும் முறை

சீக்கிரம் போய்ப் பட்டியலில் பெயர் எழுதுங்கள். ஏதாவது குடிக்க வாங்குங்கள், ஆரஞ்சு ஜூஸ் போதும். பல பப்களில் கார்டு மட்டும்தான் வாங்குவார்கள். உங்கள் பாட்டு முடிந்ததும் கிளம்பாதீர்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் பாடகர்கள்தான். நீங்கள் அவர்களைக் கேட்டால்தான் அவர்கள் உங்களை அடுத்த வாரம் இன்னொரு இடத்துக்குக் கூப்பிடுவார்கள். என் ஒன்பதில் ஐந்து அப்படி வந்தவைதான்.

பின்சேர்க்கை: பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி, கஞ்சிரா எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுத விட்டுப்போனது. பழைய கஞ்சிரா உடும்புத் தோல். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, அதை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்பது சர்வதேச அளவிலும் தடை. ஏர்போர்ட்டில் மாட்டினால் வாத்தியம் போவதோடு நிற்காது. சிந்தெடிக் தோல் போட்ட கஞ்சிரா கிடைக்கிறது, அதை எடுத்துப் போங்கள் தம்பி. குளிரில் தொய்யாது, தண்ணீர் தடவவும் வேண்டாம்.