வால்வு ரேடியோவில் வால்யூம் கண்ட்ரோல் கரகரத்தால் செய்யக்கூடாத தவறுகள்

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், பலரும் முதலில் கையில் எடுப்பது கிளீனர் ஸ்ப்ரேயைத்தான். தூசியும் அழுக்கும் மட்டுமே காரணமென்றால் அது போதும். சில நாளிலேயே கரகரப்பு திரும்பினால், கண்ட்ரோலின் கார்பன் டிராக்கில் (உள்ளே உரசும் கார்பன் பட்டையில்) தேவையில்லாத டிசி (ஒரே திசை மின்சாரம்) ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் புது கண்ட்ரோல் போட்டால் அதுவும் கரகரக்கும்.

1950களின் ஐரோப்பிய செட்டுகள் பலவற்றில் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலிலிருந்து சிக்னல், 10 நானோஃபாரட் அளவிலான ஒரு கபாசிட்டர் வழியாக இஏபிசி80 போன்ற வால்வின் கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் நுழையும் முனைக்கு, போகும். கிரிட்டிலிருந்து சாசிக்கு (செட்டின் உலோக அடித்தட்டுக்கு) 10 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் உள்ள இடத்தில், பழைய பேப்பர் கபாசிட்டர் கொஞ்சம் டிசியைக் கசியவிட்டாலே கிரிட்டின் பயாஸ் (வால்வு ஒழுங்காக வேலை செய்யத் தேவையான நிலை வோல்டேஜ்) கெட்டுவிடும். கண்ட்ரோலே டிடெக்டரின் (ரேடியோ சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதியின்) லோடாகவும் இருந்து, அதன் டிசி வோல்டேஜ் கண்ட்ரோல் மேலேயே விழும் செட்டில் இதற்குத் தெளிவான அடையாளம் உண்டு: வலுவான ஸ்டேஷனில் வால்யூமைக் கூட்டக் கூட்ட சத்தம் உயராமல் நெரிந்து உடையும், பலவீனமான ஸ்டேஷன் ஒழுங்காகக் கேட்கும்.

இந்தக் கபாசிட்டரை மல்டிமீட்டரின் கபாசிட்டன்ஸ் ரேஞ்சில் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. கசிகிற கபாசிட்டரும் சரியான அளவையே காட்டக்கூடும். செட்டை அணைத்து, கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றுங்கள். செட்டைப் போட்டு, வலுவான ஸ்டேஷனை வைத்து, வால்யூமை முழுதும் கூட்டி, கழற்றிய காலுக்கும் சாசிக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். ஒரு கணம் அசைந்து பூஜ்யத்துக்கு வந்தால் நல்லது. நெகட்டிவ் வோல்டேஜ் அப்படியே நின்றால் கசிகிறது. அதே மதிப்புள்ள 400 அல்லது 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டுவிடுங்கள்.

டோன் கண்ட்ரோலில் இதே கோளாறு இன்னும் மோசம். சில செட்டுகளில் அது இஎல்84 போன்ற அவுட்புட் வால்வின் ஆனோடிலிருந்து (உயர் வோல்டேஜ் உள்ள முனையிலிருந்து) ஒரு கபாசிட்டர் வழியாக வரும். அந்தக் கபாசிட்டர் ஷார்ட்டானால் 200 வோல்ட்டுக்கு மேல் டிராக்கில் இறங்கி அதைக் கருக்கிவிடும். அங்கே 1000 வோல்ட் கபாசிட்டர்தான் போட வேண்டும்.

கையை உள்ளே விடும் முன் ஒன்று. யூஎல்84, யூஒய்85 போல யூ வரிசை வால்வுகள் இருந்தால், அநேகமாக சாசியே மெயினோடு நேரடியாக இணைந்திருக்கும். செட்டை மெயினிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். அப்படிப்பட்ட செட்டில் குமிழின் பக்கத் திருகுக் குழியை மெழுகால் அடைத்திருப்பார்கள். குமிழைக் கழற்றி மாட்டியபின் மறுபடி அடைக்க மறக்கக்கூடாது, விரல் படும் இடம் அது. எந்த செட்டானாலும், அணைத்தபின் ஃபில்டர் கபாசிட்டரில் மிச்சமிருக்கும் வோல்டேஜை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

கிளீனர் அடிப்பதானால் கண்ட்ரோலுக்கென்றே விற்கும் கிளீனர் வேண்டும். துரு விடுவிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்களுக்கு அருகிலுள்ள இடைவெளியில் ஒரே ஒரு முறை அடித்து, இருபது முப்பது தடவை முழுச் சுற்றுத் திருப்பி, நன்றாகக் காயவிடுங்கள். பின்னால் உள்ள மெயின் ஸ்விட்சுக்குள் இறங்க விடாதீர்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஓம் மதிப்பு மட்டும் ஒத்தால் போதாது. வால்யூமுக்கு லாக் வகைதான் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது) வேண்டும். லீனியர் (ஒரே சீராக ஏறுவது) போட்டால் முதல் கால்வாசித் திருப்பிலேயே சத்தம் காதைப் பிளக்கும். கண்ட்ரோலின் மேல் பொறித்த ஏ, பி எழுத்தை நம்பாதீர்கள், பழைய ஐரோப்பிய முறையும் இன்றைய ஆசிய முறையும் வேறு வேறு. குமிழைப் பாதியில் நிறுத்தி, நடுக்காலுக்கும் சாசிப் பக்கக் காலுக்கும் இடையே அளந்தால், லாக்கில் மொத்தத்தில் பத்து, பதினைந்து சதவீதமே காட்டும். 500 கிலோ ஓம் என்று எழுதியது 620 காட்டினால் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. நான்காவதாக ஒரு கால் இருந்தால், அது குறைந்த சத்தத்தில் பாஸ் கூட்டுவதற்கான டேப் (டிராக்கின் இடையில் எடுத்த இணைப்பு). மூன்று கால் கண்ட்ரோல் போட்டால் அந்தச் செட்டுக்கே உரிய கனமான ஒலி போய்விடும், ஆகவே பழையதைக் காப்பாற்றப் பாருங்கள்.

வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் அப்படியே இருந்தால், சாசிப் பக்கக் காலின் ஒயரையோ டிராக்கின் அந்த முனையையோ பாருங்கள், அங்கே விட்டுப்போயிருக்கும். கிரிட்டுக்குப் போகும் ஷீல்டு ஒயரைச் சாதா ஒயரால் மாற்றினால் ஹம் (ஓயாத ரீங்காரம்) ஏறும். புது ஷீல்டு ஒயரின் வலையை ஒரு முனையில் மட்டும் சாசியில் பற்றவைத்தால் போதும்.