எடை ஏறாத குழந்தை: பால் இல்லையா, பால் போகலையா?

45 நாள் ஊசிக்குப் போன இடத்தில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. பிறந்தபோது மகள் 2.9 கிலோ, அன்றைக்குத் தராசில் 3.3. நர்ஸம்மா அட்டையில் எழுதிவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். "ஒனக்குப் பாலு பத்தல தாயி" என்றார் அத்தை. அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், என் பால் தண்ணியாக இருக்கிறது, அதுதான் பிள்ளை உடம்பில் ஒட்டவில்லை என்றாள். சாயங்காலத்துக்குள் பால் பவுடர் டப்பா ஒன்று அடுப்படிக்கு வந்துவிட்டது.

எனக்குப் பால் இருந்தது. அது அவள் வயிற்றுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு. அதனால் டப்பாவைத் திறக்கும் முன்னால் இது எது என்று கண்டுபிடியுங்கள்.

அதற்கும் முன்னால், எடை நிஜமாகவே ஏறவில்லையா? பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும், 7 சதவீதம் வரை இயல்பு, 10 சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். இழந்ததை 10லிருந்து 14 நாளுக்குள் திரும்பப் பிடித்துவிட வேண்டும். அப்புறம் முதல் 3 மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம், அதாவது வாரத்துக்கு 150, 200 கிராம் ஏறும். 3 மாதத்துக்கு மேல் வேகம் குறைந்து வாரத்துக்கு 100லிருந்து 150 ஆகிவிடும். இது தெரியாமல் நாலாம் மாதத்தில் பதறுகிறவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை வைத்துப் போட்டவை, ஆறு நாடுகளில் எடுத்ததில் நம் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் உண்டு. தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளைகோடு அதுதான். உங்கள் குழந்தையின் புள்ளி நடுக்கோட்டுக்குக் கீழ்ப்பக்கமாகவே இருந்தாலும் அங்கிருக்கும் கோட்டை ஒட்டியே மேலே போகிறதென்றால் அது சின்ன உடம்புக் குழந்தை, அவ்வளவே. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோதான் கவலை. பக்கத்து வீட்டுக் கொழுகொழுவோடு ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

தராசும் ஏமாற்றும். பிறந்தபோது ஒரு தராசு, அப்புறம் அங்கன்வாடித் தராசு, ஒருநாள் சட்டை தொப்பியோடு, ஒருநாள் துணியில்லாமல் என்று போட்டால் 200 கிராம் எங்கேயோ காணாமல் போகும், எங்கேயோ முளைக்கும். ஒரே தராசில், துணியில்லாமல், பால் கொடுக்கும் முன்னால் போடுங்கள்.

இன்னொன்று, இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்கு வரவில்லை, பால் குடிக்க எழுப்பினாலும் எழவில்லை, உச்சா ரொம்பக் குறைவு, உச்சிக்குழி உள்ளே விழுந்திருக்கிறது, காய்ச்சல், பச்சையாக வாந்தி அல்லது பீய்ச்சி அடிக்கிற வாந்தி, குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்குகிறது, மஞ்சள் கூடிக்கொண்டே போகிறது: இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இதயக் கோளாறு, தைராய்டு, சிறுநீர்த் தொற்று என்று குழந்தையின் பக்கமும் காரணங்கள் உண்டு. வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற விஷயமில்லை அது.

சரி, குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது, எடை மட்டும் மெதுவாக ஏறுகிறது என்றால், தினசரித் தராசு உங்கள் துணிக்கொடியிலேயே இருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்துக்கு ஆறு தடவையாவது நல்லா நனையும்படி, வெளிர் நிறத்தில் உச்சா போக வேண்டும். முதல் மாதத்தில் மஞ்சளாக, தளர்வாக மூன்று நாலு தடவை ஆய் போக வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் சில குழந்தைகள் நாள் கணக்கில் போகாது, எடை ஏறினால் அதில் தப்பில்லை. டயப்பரில் இந்தக் கணக்கு சரியாகத் தெரியாது, இரண்டு நாள் பழைய வேட்டித் துணிக்கு மாறுங்கள். நடுவில் யாராவது தண்ணீர் கொடுத்தால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும், உச்சா நிறையப் போகும், எடை மட்டும் ஏறாது. எங்கள் வீட்டில் வெயிலுக்கு நாக்கு வறளுமே என்று எனக்குத் தெரியாமல் ஒரு சங்கு வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. 6 மாதம் வரைக்கும் சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது.

இப்போது குடிப்பதைக் கவனியுங்கள். நான் செய்த தப்பு கடிகாரத்தைப் பார்த்தது. பக்கத்துக்கு 20 நிமிஷம் என்று யாரோ சொன்னார்கள், மகளும் 20 நிமிஷம் வாயில் வைத்திருந்தாள், அதில் நாலு நிமிஷம்தான் குடித்திருப்பாள், மீதி நேரம் தூக்கம். பார்க்க வேண்டியது தாடையை. முதலில் வேகமாகச் சப்புவாள், பால் இறங்க ஆரம்பித்ததும் சப்புவது மெதுவாகி, தாடை ஆழமாக இறங்கி ஒரு கணம் நின்று மூடும். அந்தக் கணம் நிற்பதுதான் வாய் நிறைவது. அப்புறம் "க்க" என்று மெல்லிய விழுங்கல் சத்தம். கன்னம் குழியக் கூடாது, 'டக் டக்' என்று சொடக்குச் சத்தம் வரக் கூடாது. தாடை லேசாக நடுங்குவது மட்டும் தெரிந்தால் குழந்தை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது, குடிக்கவில்லை.

குடிக்காததற்கு முக்கியமான காரணம் வாய் வைக்கிற விதம். என் காம்பு பால் கொடுத்து முடித்ததும் புது லிப்ஸ்டிக் மாதிரி சரிவாக நசுங்கியிருக்கும், வெடிப்பும் இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வலித்துக்கொண்டே இருந்தால் வாய் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம். சரிசெய்வது இப்படி: குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி முழுசாகத் திருப்புங்கள், தலையை மட்டும் திருப்பினால் குழந்தையால் விழுங்க முடியாது, நீங்களே தோளைப் பார்த்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். காம்பு மூக்குக்கு நேரே இருக்கட்டும். மேலுதட்டைக் காம்பால் தடவினால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும், அந்த நேரத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தைக்குக் குனியாதீர்கள். முகவாய் மார்பில் அழுந்த வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருப்புப் பகுதி மேலே கொஞ்சம் தெரிந்தாலும் கீழே தெரியவே கூடாது. வலித்தால் வாயோரம் சுண்டு விரலை விட்டு எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள், பத்துத் தடவையானாலும். எத்தனை மாற்றியும் நிற்காமல் நழுவுகிறதென்றால் நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது எத்தனை தடவை என்பது. 24 மணி நேரத்தில் 8லிருந்து 12. பகலில் மூன்று மணி நேரம் அசந்து தூங்கினால் 'எவ்வளவு சமத்து' என்று விட்டுவிடாதீர்கள், எடை ஏறாத குழந்தைக்கு அது சமத்து இல்லை, இரண்டு மணிக்கொரு தடவை எழுப்புங்கள். துணியை அவிழ்த்து, உள்ளங்காலைத் தேய்த்து, உங்கள் வெறும் மார்பில் படுக்க வைத்தாலே தேடும். அழுகை கடைசி அறிகுறி, கையைச் சப்புவதும் தலையை அங்குமிங்கும் திருப்புவதும்தான் முதல் அறிகுறி. இறுகச் சுற்றி வைத்த குழந்தை கையைச் சப்பிக் காட்டவும் முடியாது. குடிக்கும்போது தாடை நின்றால் மார்பைக் கை முழுக்கப் பிடித்து அழுத்தி வைத்திருங்கள், பால் பீறிட்டதும் திரும்ப விழுங்கும், நின்றதும் விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். அதிலும் ஒன்றும் நடக்காதபோது மறுபக்கம் மாற்றுங்கள், திரும்ப முதல் பக்கம். மார்பு காலியாகக் காலியாகப் பாலில் கொழுப்பு கூடும், அதனால் ஒரு பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் பிடுங்கி மாற்றக் கூடாது. ராத்திரிப் பாலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம்.

குழந்தை விட்டுவைத்ததைக் கையாலோ பம்பிலோ பீய்ச்சி எடுத்துச் சங்கில் கொடுங்கள். இந்த விஷயத்தில் நம் பாட்டிகளின் பாத்திரத்தை மிஞ்சியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. பாட்டில் நிப்பிளுக்குப் பழகிவிட்டால் மார்புக்குத் திரும்ப மறுக்கும் தொல்லை இதில் கிடையாது, கழுவிக் கொதிக்க வைப்பதும் சுலபம். குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்து உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள், படுக்க வைத்து ஊற்றாதீர்கள். பீய்ச்சிய பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும், நம் ஊர்க் கோடையில் அதற்குள்ளேயே கொடுத்துவிடுவது நல்லது, ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். முதல் தடவை பீய்ச்சியபோது 15 மில்லி வந்தது, அழுதேன். ஆனால் பம்பில் வருகிற அளவு மார்பில் இருக்கிற அளவு இல்லை, குழந்தை அதைவிட நன்றாக இழுக்கும்.

உங்கள் சாப்பாடு பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எல்லாம் பிடித்தால் சாப்பிடுங்கள், எனக்குப் புட்டு பிடிக்கும், அதனால் மறுக்கவில்லை. ஆனால் குழந்தை இழுத்துக் காலி செய்யாமல் எந்தப் புட்டும் பாலைக் கூட்டாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் ஒருவேளைச் சோறோடு நிறுத்துவதும் வேண்டாம், பசிக்குச் சாப்பிடுங்கள், தாகத்துக்குக் குடியுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் பால் நிஜமாகவே குறைவாக இருந்தால் உங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்: தைராய்டு, ரத்தசோகை, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. இவை காரணமாக இருந்தால் வைத்தியம் உண்டு.

சேனை, தேன், சீனித் தண்ணீர், கிரைப் வாட்டர், தெருவில் வருகிற கழுதைப் பால், பசும்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயசு வரை ஆபத்து. இந்தச் சங்கெல்லாம் அந்தக் குட்டி வயிற்றில் பாலின் இடத்தைத்தான் பிடிக்கும்.

டப்பா பாவம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு இன்றைக்குக் கலோரி போக வேண்டும், அது முதல் விதி. இத்தனையும் செய்து வாரம் 100 கிராம்கூட வரவில்லை, டாக்டர் சேர்க்கச் சொல்கிறார் என்றால் சேருங்கள், அவர் சொன்ன அளவில், டப்பாவில் போட்ட கணக்குப்படி கலந்து, தண்ணியாக்காமல். முதலில் மார்பு, அப்புறம் பீய்ச்சிய பால், கடைசியில் பவுடர் என்ற வரிசையை விடாதீர்கள். பவுடர் கொடுக்கிற ஒவ்வொரு வேளைக்கும் பீய்ச்சிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த வேளை தேவையில்லை என்று மார்பு கணக்குப் போட்டுவிடும்.

எடையைத் தினமும் போடாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். மெதுவாக ஏறுகிற குழந்தைக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை, ஏற ஆரம்பித்த பிறகு வாரம் ஒருமுறை போதும். நாங்கள் புதன்கிழமை புதன்கிழமை அதே தராசுக்குப் போனோம். முதல் புதன் 90 கிராம், அடுத்தது 210. டப்பா சீல் உடையாமல் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அவளுக்கு அது தேவைப்பட்டது.